எட்டுக்குள் ஒரு நாய்

நாயிடம் எதற்கு இங்கிலீஷில் பேச வேண்டும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மாட்டை ஹை என்கிறோம், நடக்கிறது. கோழியைப் பா பா என்கிறோம், ஓடி வருகிறது. பூனைக்கு ஒரு சூ போதும். நாய் என்று வந்துவிட்டால் மட்டும் பேங்கில் கைநாட்டு வைக்கிறவன்கூட கம் என்கிறான், சிட் என்கிறான், நோ என்கிறான். வெள்ளைக்காரன் ஊரை விட்டுப் போகும்போது மனுசனுக்குச் சுதந்திரத்தைக் கொடுத்துவிட்டு நாயை மட்டும் கையோடு வைத்துக்கொண்டான் போலிருக்கிறது. நட, நட, இழுக்காதே. உன்னைத்தான். இதற்குப் பெயர் மஃபின். என் மருமகள் ஷர்மிளா வைத்தது. ஏதோ கேக்கின் பெயராம். என் வாயில் மப்பின் என்றுதான் வருகிறது. நேற்று சாயங்காலம் வாசலில் நின்று மப்பின், மப்பின் என்று கூப்பிட்டதற்கு எதிர்வீட்டுக்காரன் ஜன்னலைத் திறந்து, "யாருண்ணே மப்புல இருக்கா, நம்ம மோகன்ராஜா?" என்று கேட்டான். மோகன்ராஜ் என் மகன். அவனும் ஷர்மிளாவும் ஒரு கல்யாணத்துக்காகக் கோயம்புத்தூர் போயிருக்கிறார்கள், மத்தியானம் வந்துவிடுவார்கள். அதுவரை இது என் பொறுப்பு. சங்கிலியை என்னிடம் கொடுத்தபோது ஷர்மிளா தன் பிடியை உடனே விடவில்லை, நானும் ஒரு பக்கம் பிடித்திருக்க அவளும் ஒரு பக்கம் பிடித்திருந்தாள். "மாமா, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி பார்க்குக்குக் கூட்டிட்டுப் போய்ட்டு வந்துடுங்க. சிமெண்டுத் தரை சுட்டா அவளுக்குப் பாதம் வெந்துடும். கம்னா வருவா, சிட்னா உக்காருவா, வேற ஒண்ணும் அவளுக்குப் புரியாது. பாத்துக்குவீங்கல்ல மாமா?" நாய்க்கு அவள். சரி. பாத்துக்குவீங்கல்ல என்பதைப் படியிறங்கினபின் திரும்பி வந்து இன்னொரு தரம் கேட்டாள். கேட்டதில் தப்பில்லை. இதை வாங்கி வந்த அன்றைக்கு நான்தான் கூடத்தில் நின்று, "ஒரு நாள் இல்ல ஒரு நாள் இதக் கொண்டுபோய் காவேரிப் பாலத்துக்கு அந்தாண்ட விட்டுட்டு வந்துடுவேன்" என்று சொன்னேன். எனக்குத் தொண்டை பெரிசு. எல்லாருக்கும் கேட்டது. அவள் அப்பாவும் அன்றைக்கு வந்திருந்தார், அவருக்கும் கேட்டது. இன்றைக்கு இது என் கையிலிருந்து தொலைந்தால், தானாக ஓடிப்போச்சு என்று நான் சூடத்தை அணைத்துச் சத்தியம் பண்ணினாலும் நம்ப ஒரு ஆள் கிடையாது. கிழவன் வேணும்னே விட்டுட்டான் என்பார்கள். மருமகள் ஒன்றும் சொல்ல மாட்டாள். தட்டில் தோசையை வைத்துவிட்டு உள்ளே போய் அழுவாள். அந்தத் தோசையை நான் எப்படிப் பிட்டு வாயில் வைப்பது. ஆகையால் நட. இழுக்காமல் நட.

விடிந்து எவ்வளவு நேரமாகிறது, அதற்குள் திருச்சி வெயில் முதுகில் கையை வைத்துவிட்டது. அக்னி நட்சத்திரம். மின்கம்பத்தில் காக்காய் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, கத்தவில்லை, சும்மா திறந்து வைத்திருக்கிறது. நாய்க்கு நாக்கு முழங்கால் வரை தொங்குகிறது. இவ்வளவு நாக்கு இதுவரை உள்ளே எங்கே மடித்து வைத்திருந்தது. இத்தனை முடியைப் போர்த்திக்கொண்டு பிறந்த தேசம் எதுவோ, பனி கொட்டுகிற ஊராக இருக்கும், அங்கே மரியாதையாக இருந்திருக்கும், இங்கே வந்து மாநகராட்சிப் பூங்காவுக்கு என்னோடு நடக்கிறது. பூங்கா வாசலில் ஒரு பலகை. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும், மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டேன். ஆனால் கூட்டி வாசிக்கிறவன் ஒரு எழுத்தையும் தாண்டிப் போக மாட்டான். நாய்களை கட்டி பிடித்து வரவும் என்று எழுதியிருக்கிறது. திரும்பவும் வாசித்தேன். அப்படித்தான் இருக்கிறது. வாட்ச்மேன் சேவியரிடம், "ஏம்ப்பா, இந்த வெயில்ல கட்டிப் பிடிச்சுக்கிட்டா வரணும்" என்றேன். "எல்லாரும் இதையேதான் கேக்கறீங்க, உள்ள போங்கண்ணே" என்றான். எல்லாரும் என்றால் முதலில் யார் கேட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். பலகை எழுதினவனையே வரவழைத்து நிற்க வைத்துப் பாடம் நடத்தியிருப்பார். அடுத்தவன் சொன்னதில் ஒரு பிழையை எடுக்காவிட்டால் அவருக்குக் காலைக் காபி இறங்காது. இதோ, நினைக்கும்போதே இருக்கிறார். வெள்ளை பனியன், அரை டிராயர், கான்வாஸ் ஷூ. குலசேகரன். ஷர்மிளாவின் அப்பா, என் சம்பந்தி, ரிட்டையரான இங்கிலீஷ் வாத்தியார். எட்டு நடந்துகொண்டிருக்கிறார்.

கூழாங்கல் பதித்துத் தரையில் பெரிசாக எட்டு போட்டு வைத்திருக்கிறார்கள். சர்க்கரைக்காரர், பிரஷர்காரர், முட்டி வலிக்காரர் எல்லாரும் அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டு அதன் மேலே சுற்ற வேண்டும். வட்டமாகப் போட்டிருந்தால் ஒருத்தன் முதுகைப் பார்த்து ஒருத்தன் ஆயுசு முழுக்க நடக்கலாம், மூஞ்சி பார்க்க வேண்டியதில்லை. எட்டுக்கு இடுப்பு இருக்கிறது. எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளிப் போனாலும் திரும்ப அந்த இடுப்பில் கொண்டுவந்து முட்ட வைக்கும். வேண்டாதவர்கள் நடக்கக் கூடாத நடை அது. எனக்கும் சர்க்கரை, டாக்டர் சொன்னார் என்று தினமும் நடக்கிறேன், தினமும் அந்த இடுப்பில் அவர் "குட் மார்னிங் சம்பந்தி" என்கிறார். நான் அந்த நேரம் பார்த்து முகத்தைத் திருப்பி நீரூற்றைப் பார்ப்பேன். திறப்பு விழா முடிந்ததோடு அது நின்றுவிட்டது. தண்ணீர் வராத நீரூற்றை என் அளவுக்கு இந்த ஊரில் யாரும் பார்த்திருக்க முடியாது. பதில் சொல்லவில்லை என்றால் விட வேண்டியதுதானே. விட மாட்டார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு குட் மார்னிங். பதில் தெரியாத பையனை நிற்க வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்கிற வாத்தியார் புத்தி.

நான் சும்மா முகத்தைத் திருப்பவில்லை. நான் சடையப்பன் சவுண்ட் சர்வீஸ். தலை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து இந்த ஊரில் காதுகுத்து, சடங்கு, கட்சிக் கூட்டம், கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் மைக் கட்டினவன். எத்தனையோ பேர் பேசக் கட்டினேன், நான் அதில் பேசினது ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ, அவ்வளவுதான். மகன் கல்யாணத்துக்கு நானே செட் போட்டேன். மண்டபத்துக்குள் நாலு பெட்டி, வாசல் புளியமரத்தில் ஒரு குழாய் ஸ்பீக்கர், எக்கோவை அளவாகத் திருகி வைத்தேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சோதனைக்கு இல்லாமல் பேசுவதற்காக மைக்கைக் கையில் எடுத்தேன். பெண் வீட்டில் எல்லாரும் படித்தவர்கள், அவர்கள் பாஷையில் ஒரு வார்த்தை சொல்வோமே என்று பல நாளாக மனசுக்குள் உருட்டி வைத்திருந்ததைச் சொன்னேன். மணமக்களுக்கு என்னுடைய மெனி மோர் ஹாப்பி ரிட்டன்ஸ் ஆஃப் த டே. பிறந்தநாள் விழாவில் எல்லாரும் சொல்வார்கள், என் மைக்கில்தான் சொல்வார்கள். நல்ல காரியத்துக்குச் சொல்கிற நல்ல சொல் என்றுதானே நினைப்பேன். நல்ல சொல்லில் பிறந்தநாளுக்குத் தனி, கல்யாணத்துக்குத் தனி என்று பாத்திரம் மாதிரியா பிரித்து வைத்திருப்பார்கள். குலசேகரன் சிரித்துக்கொண்டே வந்து என் கையிலிருந்து மைக்கை வாங்கினார். "சம்பந்தி என்ன சொல்றார்னா, இந்த நாள் திரும்பத் திரும்ப வரணுமாம். எம்பொண்ணுக்கு ஒரு கல்யாணம் போதும் சம்பந்தி." மண்டபம் சிரித்தது. சிரித்ததுகூடப் போகட்டும். மைக் என்னுடையது. பெட்டி என்னுடையது. போதும் சம்பந்தி, சம்பந்தி, சம்பந்தி என்று நான் திருகி வைத்த எக்கோவில் அது புளியமரம் வரை போய், தெருவில் சைக்கிளில் போன பால்காரன் ஒரு காலை ஊன்றி நின்று சிரித்தான். ஒரு கரகரப்பு இல்லை, ஒரு கூவல் இல்லை. என் ஆயுசிலேயே செட் அவ்வளவு சுத்தமாக வேலை செய்ததில்லை.

அன்றைக்கு முடிவு பண்ணினேன். இவரோடு பேச்சு கிடையாது, இவர் காதில் விழுகிற தூரத்தில் இங்கிலீஷும் கிடையாது. சொல்வது சுலபம். அவர் வீட்டுக்கு வந்திருக்கும்போது மகனிடம் ஃபேனைப் போடு என்று சொல்ல முடியாது, காற்றாடியைச் சுழல விடு என்பேன், மோகன்ராஜ் முழிப்பான். பஸ் என்று பல்லுக்கு வெளியே வந்ததை இழுத்துப் பேருந்து ஆக்கினேன். பிஸ்கட்டுக்குத் தமிழ் தெரியாததால் அவர் எதிரில் வைத்த பிஸ்கட்டை வேண்டும் என்றும் சொல்ல முடியாமல் வேண்டாம் என்றும் சொல்ல முடியாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். செய்தி தெருவில் பரவி, தமிழ் மன்றத்திலிருந்து ரெண்டு பேர் சால்வையோடு வந்துவிட்டார்கள், ஆண்டு விழாவுக்கு நான் தலைமை தாங்க வேண்டுமாம். மைக் செட் யாருது என்று கேட்டேன். ஒரே வாக்கியத்தில் ரெண்டு இங்கிலீஷ் வந்ததும் சால்வையோடு போய்விட்டார்கள்.

இன்றைக்கு நாய் இருப்பதால் எட்டு வேண்டாம், புல் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்றால் புல் எங்கே இருக்கிறது. புல் மீது நடக்காதீர் என்ற பலகை இருக்கிறது, புல் இல்லை. சிமெண்டுதான். நாய் ஒரு காலை எடுக்கிறது, வைக்கிறது, அடுத்த காலை எடுக்கிறது, கச்சேரிக்குத் தாளம் போடுகிற மாதிரி நாலு காலும் மாறி மாறி. வெந்துடும் என்றாளே. வா, இந்தப் புங்கமரத்து நிழலுக்கு வா, குழாயடியில் ஈரம் இருக்கிறது. கையில் தண்ணீர் பிடித்துக் காட்டினேன், குடித்தது, குடித்துவிட்டு என் உள்ளங்கையை நக்கியது. வேஷ்டியில் துடைத்துக்கொண்டேன். கழுத்துப் பட்டை நனைந்து இறுகிப் போயிருக்கிறது. எனக்கே சட்டையின் மேல் பொத்தானைப் போட்டால் மூச்சு முட்டுகிறது. பிரியமெல்லாம் ஒன்றும் கிடையாது, ஏதாவது ஒன்று ஆகித் தொலைத்தால் மருமகளுக்கு யார் பதில் சொல்வது என்றுதான். ஒரு ஓட்டை தள்ளிப் போட்டுத் தளர்த்தினேன். அது தலையைக் குனிந்தது. உடம்பை ஒரு உதறு உதறியது. சங்கிலி என் கையில் இருக்கிறது, சங்கிலியில் பட்டை இருக்கிறது, பட்டையில் நாய் இல்லை.

எட்டுக்குள் இருக்கிறது. நடுவில், இடுப்பில், எல்லாரும் குறுக்கே போகிற இடத்தில் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. அதற்கு அந்தாண்ட கேட். மாநகராட்சித் தண்ணீர் லாரி உள்ளே வருவதற்காக சேவியர் கேட்டை அகலத் திறந்துகொண்டிருக்கிறான், கேட்டுக்கு வெளியே ரோடு, ரோட்டில் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு டவுன் பஸ். "வா" என்றேன். "இங்க வா. வாம்மா." ஊருக்குப் புதுசாக வந்த வெளிநாட்டுக்காரனிடம் நாம் வழி கேட்டால் எப்படிப் பார்ப்பான், அப்படிப் பார்த்தது. அதற்குப் பின்னால் அம்புக்குறியைப் பார்த்து நடந்து வருகிறார் குலசேகரன். கம் என்று சொன்னால் முடிந்தது. ஒரு க, ஒரு ம, தலைமேல் ஒரு புள்ளி, அவ்வளவுதான் வார்த்தை. சொன்னால் அவர் காதில் விழும். விழுந்தால் சிரிப்பார், அந்தச் சிரிப்பு, மைக்கை வாங்கின சிரிப்பு. கம் இல்ல சம்பந்தி, அதை இப்படிச் சொல்லணும் என்பார். கல்யாணத்திலிருந்து இன்றுவரை பிஸ்கட்கூடத் தின்னாமல் காத்தது போய்விடும். சொல்லாவிட்டால் கேட் திறந்திருக்கிறது. கேட்டுக்குத் தமிழில் என்ன, கதவு இல்லை, வாயிற்கதவு, எழவு, அது இப்போது எதற்கு. ஏன், தமிழில் கம் இல்லையா. கம்முன்னு இருக்கிறதே. கம்முன்னு வா என்றால் தமிழ், நாய்க்கு வேண்டியது முதல் ரெண்டு எழுத்தில் இருக்கிறது, மீதி நமக்கு. எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. "கம்முன்னு வா" என்று கத்தினேன். கம் வந்ததும் காதைத் தூக்கியது, ரெண்டு எட்டு என்னைப் பார்த்து வைத்தது, முன்னு என்றதும் நின்றுவிட்டது. பேசிக்கொண்டே நடந்த பெண்கள் கூட்டம் பேச்சை நிறுத்தியது. சேலைக்கு ஷூ போட்ட அம்மாள் இடுப்பில் கை வைத்தாள். "யாருங்க அது, யாரக் கம்முன்னு வரச் சொல்றீங்க? பார்க்குல பேசக் கூடாதா? உங்க வீட்டுப் பொம்பளைங்கன்னு நெனச்சீங்களா?" அவளுக்குப் பதில் சொல்ல நேரமில்லை. முன்னு வேண்டாம், கம்முக்குப் பின்னால் சின்னதாக ஒன்று. "கம்மல்" என்றேன். "கம்மல், கம்மல்." ஷூ போட்ட அம்மாளின் ரெண்டு கையும் ரெண்டு காதுக்குப் போயின. பக்கத்தில் இருந்தவள் குனிந்து தேட ஆரம்பித்தாள். "யாருதுடி, கல்லு வச்சதா?" "காலடில பாருங்க, மிதிச்சிடாதீங்க." பிரஷர்காரர்களும் குனிந்தார்கள். எட்டு மொத்தமும் நின்றுவிட்டது, எல்லாரும் கூழாங்கல்லைப் பார்க்கிறார்கள். இத்தனை முகங்கள் தன் உயரத்துக்கு இறங்கி வந்ததைப் பார்த்து நாய்க்குக் கொண்டாட்டம், விளையாடக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு குதி குதித்துப் பின்னால் போனது. இன்னும் என்ன இருக்கிறது. கம்பி. கம்பு. கம்பளி. இந்த வெயிலில் கம்பளி கம்பளி என்று கத்தினால் ஆஸ்பத்திரியில்தான் கொண்டுபோய்ப் படுக்க வைப்பார்கள். அப்போது லாரிக்காரன் ஹாரனை அமுக்கினான்.

நாய் தெறித்துக் கேட்டைப் பார்த்து ஓடியது. பெரிய ரப்பர் பந்து மாதிரி ஓடியது. அதற்கு ரோடு தெரியாது, பஸ் தெரியாது, அதற்குத் தெரிந்தது வீட்டுக் கூடம், ஷர்மிளாவின் கட்டில், என் செருப்பு. தோசைத் தட்டு நினைவுக்கு வந்தது, அது இல்லை, தட்டு இல்லை, சற்று முன் ஈரமாக இருந்த உள்ளங்கை நினைவுக்கு வந்தது. "கம்" என்றேன். "கம், மப்பின், கம். கம் ஹியர், கம் பேக், கம் ப்ளீஸ், நோ, சிட், ஸ்டாப், ஹலோ, ஹலோ." எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் மொத்தமும் அதுதான், ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை. நான் கத்தும்போதே இன்னொரு குரல் கத்துகிறது. "அடியே, போகாதடி, ரோடுடி அது, பஸ் வருதுடி, வாடி, என் ராசாத்தி, வாடி, திரும்புடி." கான்வாஸ் ஷூ தடதடக்க அரை டிராயரில் ஒருவர் கையை விரித்துக்கொண்டு ஓடுகிறார். இங்கிலீஷ் வாத்தியார். நான் இந்தப் பக்கம் இங்கிலீஷில் கத்துகிறேன், அவர் அந்தப் பக்கம் தமிழில் கத்துகிறார், நாய் கேட்டில் போய் நின்று ரெண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறது. பஸ் போனது. தூசி. கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை, நான் கண்ணை மூடியிருந்தேன் என்று பிறகுதான் தெரிந்தது. திறந்தபோது அது என்னைப் பார்த்து நடந்து வருகிறது, ஓட்டம்கூட இல்லை, சாவகாசமாக. வந்து என் செருப்பின் மேல் உட்கார்ந்தது. சிட் என்று நான் சொல்லவில்லை.

பட்டையை மாட்டப் போனால் ஓட்டை அகப்படவில்லை. இன்னொரு கை வந்து மாட்டியது. மாட்டிவிட்டு அவர் தொடர்ந்து தும்மினார், நாய் முடி அவருக்கு ஆகாது, அதனால்தான் இதை என்னிடம் விட்டுப் போனார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "வேணும்னே விட்டுட்டீங்களோன்னு நெனச்சுட்டேன் சம்பந்தி" என்றார். பாருங்கள். ஊர் சொல்லும் என்று பயந்ததை முதல் ஆளாக அவர் வாயிலிருந்து கேட்டாயிற்று. இதற்கு நீரூற்றைப் பார்க்க முடியாது. "வேணும்னே விடறவன் பட்டைய ஏன் தூக்கிட்டு நிக்கிறான். மூச்சு முட்டுதேன்னு தளத்தினேன்" என்றேன். பேசிவிட்டேன் என்பது பேசி முடித்தபின் தெரிந்தது. "அப்ப கம்னு கூப்பிட வேண்டியதுதான. கம்மல் கம்மல்னு என்னமோ சொல்றீங்க." "உங்க முன்னாடி இங்கிலீஷ் பேசறதில்லன்னு வச்சிருக்கேன்." அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "அது தமிழ்ப் பற்றுன்னுல்ல நெனச்சேன். எங்க சம்பந்தி மாதிரி உண்டான்னு போற எடமெல்லாம் சொல்லிக்கிட்டிருக்கேன்." "மண்டபத்துல மைக்க வாங்கி நீங்க பண்ணதுக்கு." அவர் குனிந்து ஷூ கயிற்றைச் சரிபண்ணினார். பிறகு குரலை இறக்கி, "அன்னிக்கே எம்பொண்ணு என்னைய வாங்கு வாங்குன்னு வாங்கிட்டா. தப்புன்னு நேரா சொல்ல வாய் வரல. அதுக்குத்தான தெனம் குட் மார்னிங் சொல்லிக்கிட்டுத் திரியறேன். நீங்க அந்தப் பாழாப்போன நீரூத்தையே பாத்தா நான் என்ன செய்ய" என்றார். சங்கிலியைக் கையில் ரெண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். "ஷர்மிளாகிட்ட சொல்லுவீங்களா" என்று கேட்டேன். "எத, கம்மலையா? நாய் பார்க்குக்குப் போச்சு, வந்துச்சு. வேற என்ன நடந்துச்சு." தும்மிக்கொண்டே எட்டுப் பக்கம் திரும்பினவர், நாலடி போய் நின்றார். "இன்னொண்ணு சம்பந்தி. கம்முங்கறதெல்லாம் இங்கிலீஷ்ல சேராது. அது நாய் பாஷை. அதச் சொன்னதால உங்க வைராக்கியம் ஒண்ணும் கெட்டுப் போகல."

சுவர் நிழலாகப் பார்த்து நாயை நடத்திக்கொண்டு வருகிறேன். குட் மார்னிங் விஷயம் சரி, அதை ஏற்றுக்கொள்ளலாம். மகளிடம் திட்டு வாங்கினாராம், அதுவும் சரி, எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நாய் பாஷை என்றாரே, அது என்ன பேச்சு. ஆறுதலுக்குச் சொன்னாரா. ஆறுதல் சொல்கிறவர் நாலடி போய் நின்று திரும்பியா சொல்வார். கம் மட்டும் நாய் பாஷையா, நான் பேசினது எல்லாமே நாய் பாஷையா. நான் கம்மோடு நிறுத்தவில்லையே, ப்ளீஸ் சொன்னேன், கம் பேக் சொன்னேன், அது முழு வாக்கியம். அதையும் சேர்த்துத்தான் சொன்னாரா. ஷூ போட்ட அம்மாள் பக்கத்தில் இருந்தாள், அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்தது வெயிலுக்கா, சிரிப்புக்கா. இதை இப்படியே விட முடியாது. நாளைக்குக் காலையில் எட்டில் வைத்துக் கேட்டுவிட வேண்டும். எப்படிக் கேட்பது, எடுத்த எடுப்பில் சண்டைக்குப் போனால் நன்றாக இருக்காது, சம்பந்தி முறை. அவர் குட் மார்னிங் சொல்லட்டும். பதிலுக்கு நான் ஒன்று சொல்லிவிட்டு, அப்புறம் நிறுத்திக் கேட்க வேண்டும். என்ன பதில் சொல்வது. வணக்கம் என்றால் மேடை மாதிரி இருக்கும். ம் என்றால் பதில் மாதிரியே இருக்காது. குட் மார்னிங் என்றே சொல்லிவிடலாமா. சொன்னால் அதுவும் நாய் பாஷைதான் என்பார். சொல்லட்டும். அதையும் சேர்த்துக் கேட்கிறேன்.